பீப்பாயின் வாய் எந்தப் பக்கம்

யுத்தத்தின் நடுவில் என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருவதற்கு அவர் நேரகாலம் பார்ப்பதில்லை.

குருக்கள்மடத்தில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையே எங்களுக்கு ஒரு சிறிய நெல் ஆலை இருந்தது. அவித்த நெல்லை வீதியோரம் பரப்பித்தான் காயவைப்போம். அடியில் கண்ணிவெடி இருக்கலாம் என்று, இனி வீதியில் நெல் போடக் கூடாதென இராணுவ முகாமிலிருந்து உத்தரவு வந்தது. நெல் அவ்வளவு ஆபத்தான தானியம் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கணவர் முன்பு ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சுழலும் சூளைக்குள் கல்லும் மண்ணும் உருண்டு வருவதைப் பார்த்த மனிதருக்கு நெல் எம்மாத்திரம்! அடியும் மூடியும் வெட்டிய தார்ப் பீப்பாய்களை வெல்டிங் பண்ணி ஒரு நீளக் குழாயாக்கினார். பழைய லொறிச் சில்லுகளின்மேல் அதைச் சற்றுச் சரிவாகக் கிடத்தி, ஆலை எஞ்சினால் சுற்றவைத்தார். மேல்வாயால் நெல்லைக் கொட்டி, உமி அடுப்பின் சூட்டை உள்ளே விட்டு, கீழ்வாயால் காய்ந்த நெல்லை அள்ள வேண்டியதுதான் என்றார்.

நெல் அப்படி நினைக்கவில்லை. முதல் நாள் ஒரே கட்டியாக அடியில் வழுக்கிக்கொண்டு கிடந்தது, புரளவேயில்லை. அடிநெல் கருகியது, மேல்நெல் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. பிறகு உள்ளே நீளவாக்கில் இரும்புப் பட்டிகள் பொருத்தினார். அவை நெல்லை வாரி உயரக் கொண்டுபோய்க் கொட்டின. விழும்போதெல்லாம் நெல் சரிவில் கொஞ்சம் முன்னே நகர்ந்தது. சரிவைக் கூட்டினால் ஈரத்தோடு ஓடிவந்தது, குறைத்தால் பொரியாக வந்தது. அயலவர்கள் பொரி தின்று அலுத்த பிறகு சரியான சரிவு அமைந்தது.

அப்போதுதான் முகாமின் அதிகாரி வந்தார். கறுத்த நீளக் குழாய், வாய் வீதியைப் பார்த்து உயர்ந்திருக்கிறது. பீரங்கி என்றே முடிவுகட்டியிருந்தார். கணவர் நெல்லை அள்ளிக் காட்டினார். அதிகாரி குழாயை மட்டமாக வைக்கச் சொன்னார்.

"மட்டமா வெச்சா நெல்லு நகராது, சேர்" என்றார் கணவர். "ஒரே இடத்தில சுத்திச் சுத்திக் கருகிரும்."

அப்படியானால் வாயைத் திருப்பு என்றார் அதிகாரி. பாடுபட்டுத் திருப்பினோம். இப்போது வாய் வாவியைப் பார்த்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரை. அங்கே இராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட இயக்கத்தின் ஆட்சி. சீக்கிரமே மீன்பிடிக்கிற ஒருவர் தோணியில் செய்தி கொண்டுவந்தார்: அது என்ன, யாரைக் குறிவைக்கிறது?

கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தேத்தாத்தீவுப் பக்கம் திருப்புங்க" என்றேன். "அங்க ஒருத்தரும் கேட்டு வரமாட்டாங்க."

திருப்பினோம். அயலூரான தேற்றாத்தீவின் மக்கள் மிகுந்த பெருந்தன்மையோடு பேசாமல் இருந்தார்கள்.

மாரியில் முகாமின் அரிசி மூட்டைகள் நனைந்தன. பீரங்கி கண்டுபிடித்த அதே அதிகாரி, அவற்றைக் காயவைத்துத் தர முடியுமா என்று ஆள் அனுப்பினார். அடுத்ததாகப் படுவான்கரை விவசாயி ஒருவரின் ஈரநெல் தோணியில் வந்து இறங்கியது. பீப்பாய்க்குள் போவதெல்லாம் போன வரிசையில் வெளியே வருவதில்லை. சில மணிகள் பட்டிகளில் ஏறி இறங்கிப் பின்தங்கிவிடும். விவசாயியின் சாக்கில் வெள்ளை அரிசி தலைகாட்டியது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது ஆர்ர அரிசி, தங்கச்சி?"

முகாமுடையது என்றேன். அவர் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

"நல்ல அரிசிதான்" என்று சொல்லிச் சாக்கைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு துறைப்பக்கம் நடந்தார்.