மாமியார் குடிக்காத தேநீர்

என் அலமாரியில் மூடி போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கைப்பிடி கிடையாது. பேரப்பிள்ளைகள் அதில் குண்டூசியும் பொத்தானும் போட்டுவைக்கப் பார்க்கிறார்கள், நான் விடுவதில்லை. அது என் ஓரகத்தியுடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ரங்கூனுக்குப் பிழைக்கப் போயிருந்த என் கொழுந்தனார், அங்கே இருக்க முடியாமல் கப்பலேறிச் சதுரங்கப்பட்டினத்துக்கே திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி. அங்கே டீக்கடை வைத்திருந்த ஒரு சீனரின் மகள். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இந்தக் கிண்ணம், சின்ன டப்பாவில் கொஞ்சம் தேயிலை. அவ்வளவுதான் அவள் கொண்டுவந்த சீர்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, தேயிலையின்மேல் வெந்நீர் ஊற்றி, இலையைக் கழுவிய அந்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டினாள். இரண்டாவது தண்ணீரை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு மாமியார் முன்னால் மண்டியிட்டாள். மாமியார் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. புதுப்பெண் வந்த வீட்டில் பாலும் பழமும்தான் எங்கள் வழக்கம்.

"மொதமொதல்ல பாலில்லாத தண்ணிய குடிச்சா வூடு வெளங்குமா? எடுத்துகினு போம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு கருவாடு காயப்போடும்போது, அப்பா கடைக்கு வந்த தமிழர்களிடம் கற்ற தமிழில் அவள் எனக்கு விளக்கினாள். தேயிலைச் செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்காது என்று அந்தக் காலத்துச் சீனர்கள் நம்பினார்களாம். அதுபோலப் பெண்ணும் வந்த வீட்டிலேயே வேரூன்ற வேண்டும் என்றுதான் கல்யாணத்துக்குத் தேயிலை வந்ததாம். மருமகள் கொடுக்கும் தேநீரை மாமியார் குடித்தால்தான் கல்யாணம் முடிந்த மாதிரி. "அதுவரைக்கும் நான் விருந்தாளிதான் அக்கா" என்றாள்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "அவள நான் மருமவ இல்லேன்னா சொன்னேன்? என் தட்டுல துன்றா, என் பக்கத்துல படுக்கறா. இன்னும் இன்னா வோணும் அவளுக்கு?" என்றார். அதுவும் நிஜம்தான். மீன் தலையை அவளுக்குத்தான் முதலில் வைப்பார். இருவர்மேலும் தப்பில்லை. நடுவில் நான் திருதிருவென்று விழித்ததுதான் மிச்சம்.

எங்களோடு சேர்ந்து கடைத்தூளில் பால் டீ குடிக்கப் பழகிக்கொண்டாள். டப்பாவை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் திறப்பாள். மாமியார் சிரித்துக்கொண்டே, பால் ஊற்றிக் கொடு, குடிக்கிறேன் என்பார். அவர்கள் வழக்கத்தில் அந்தத் தேநீரில் பால் சேரக் கூடாது, அவளால் அது முடியாது. கிண்ணம் நிறைந்தபடியே திரும்பும்.

பிறகு மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. செங்கல்பட்டில் காட்டினோம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு நின்றுபோயிருந்தது. ஒருநாள் சாயங்காலம், நல்லாயிருந்த கையால் அவளைக் காட்டினார், மாடத்திலிருந்த கிண்ணத்தைக் காட்டினார், பிறகு தன் வாயைக் காட்டினார்.

டப்பாவைத் தட்டிக் கடைசித் தேயிலையையும் போட்டாள். ஆற்றி எடுத்துவந்து மண்டியிட்டாள். மாமியார் தாமாகவே வாயைத் திறந்தார். ஊற்றிய தேநீர் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. மறுபடி ஊற்றினாள். மறுபடியும் வழிந்தது. மாமியார் கண்ணால் கெஞ்சினார், தொண்டை கேட்கவில்லை.

முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, குடிச்சாங்களா?"

நான் நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்த வாரமே மாமியார் போய்விட்டார். அவள் அதைப் பற்றி அப்புறம் கேட்கவேயில்லை. தன் கடைசிக் காலத்தில் இந்தக் கிண்ணத்தை மட்டும் என் கையில் கொடுத்தாள். இதைக் கழுவித் துடைத்து வைக்கும்போதெல்லாம், ஒரு சொட்டாவது உள்ளே போயிருக்காதா என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்திலேயே நின்றிருந்தேன், எனக்குத் தெரியவில்லை.