அக்காவின் கைப்பேசிக்குத் தமிழ் கேட்காத வாரம்

மகளுக்குச் செய்தி சொல்லும்போது அக்கா முட்டிவலி என்று ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், மறுநாள் அவள் கைப்பேசியில் தைல விளம்பரம் வந்து நிற்கும். “நான் பேசுறத எவன்டா ஒட்டுக் கேக்குறான்?” என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், அனுப்பியவனே நான் என்பதுபோல.

பட்டப்படிப்பு முடித்து, தேயிலைத் தோட்ட ஊரான ரிங்லெட்டுக்குத் திரும்பியிருந்த எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. என் கைப்பேசியில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவியிருந்தேன். யாரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய நிரல். எவருக்கும் உளவு சொல்லாது. தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்ட அக்காவின் பழைய கைப்பேசிக்கும் அதையே போடலாம் என்றேன்.

“போட்டுடுலா” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். கைப்பேசி புதிதுபோல ஓடியது. விளம்பரங்கள் நின்றன. “இப்பதான்டா இது என் போனு” என்று முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

மாலையில் மகளுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தபோதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஈப்போவில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் முகம் பார்த்துச் சைகையில் பேசுமளவுக்கு இணையம் வராது. அக்கா தமிழில் பேசுவாள், கைப்பேசி அதை எழுத்தாக்கி அனுப்பும். தாயும் மகளும் அப்படித்தான் பேசிவந்தார்கள். எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினி கேட்டு எழுதித் தந்த அந்த வசதி பழைய இயங்குதளத்தோடு போய்விட்டது. தமிழைக் கேட்டு எழுதும் கட்டற்ற செயலி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கைப்பேசிக்குள்ளேயே ஓட வேண்டிய அதன் பாரத்தை அந்தப் பழைய கருவி தாங்கவில்லை.

“பரவால்ல, நானே டைப் பண்றேன்” என்றாள் அக்கா. கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துத் தடித்த விரல், ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துகளை அழுத்தியது. மழை, கோயில் கூட்டம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று நீண்டுபோகும் செய்திகள் ‘சாப்டியா’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றன. வாரக் கடைசியில் மகள் எழுதினாள்: ‘அம்மா, என் மேல என்ன கோவம்?’

அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கைப்பேசியை என் மடியில் வைத்தாள்.

“பழசையே போடு, தம்பி.”

“மறுபடியும் ஒட்டுக் கேப்பானுங்கக்கா.”

“கேக்குறவன் கேட்டுட்டுப் போறான்லா. எம்புள்ளகிட்ட நான் பேசணும்.”

எளிய கருவியிலும் எங்கள் பேச்சைக் கேட்டு எழுதும் நிரலைச் செய்ய, அதற்குப் பழக்கத் தங்கள் குரலைப் பதிந்து கொடுக்க, தமிழர்களில் போதிய பேர் இன்னும் சேரவில்லை. மகளா, அந்தரங்கமா என்று அக்கா தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது அதனால்தான். அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

பழையதை நிறுவிக் கொடுத்த அன்று, அடுப்படியில் நின்றபடி நெடுநேரம் பேசினாள். கோபமில்லை, விரல்தான் முரண்டு பிடித்தது என்றாள். மழைக்கோட்டு கிழிந்த கதையையும் சொன்னாள். மகளிடமிருந்து சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன.

மறுநாள் மழைக்கோட்டு விளம்பரமும் வந்தது. அக்கா திட்டவில்லை. கட்டைவிரலால் அதை ஒதுக்கிவிட்டு மகளின் செய்தியைத் திறந்தாள். என்னிடம் சண்டைக்கு வரமாட்டாளா என்றிருந்தது எனக்கு.