மலையில் பின்னால் வந்தவன்

இது நடந்தது. பிரான்காச்சோவில் குடியேறியிருக்கும் நம்மவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் கிரிசாந்தின் தோளில் சூடு பட்டதை யாரும் மறுக்கமாட்டார்கள். சுட்டவர் அவனுடைய சொந்தத் தாய்மாமன் ஏர்னஸ்ற்.

1996 நவம்பர். ஏர்னஸ்ற் பக்கத்து ஒரேத்தோவில் ஒரு வக்கீல் வீட்டில் நெடுங்காலமாக வேலை பார்த்து வந்தார். வக்கீலுக்கு வேட்டைப் பைத்தியம். ஏர்னஸ்ற் இளம் வயதில் ஊரில் மடுப்பக்கக் காடுகளில் மான் சுட்டவர் என்று தெரிந்ததிலிருந்து அவரையும் மலைக்குக் கூட்டிப்போவார். அந்த வருடம் மன்னாரிலிருந்து அக்கா மாக்கிரட் தன் மகன் கிரிசாந்தை அனுப்பியிருந்தாள். இருபத்துநாலு வயது. சண்டைக்குத் தப்பி வந்தவன். பெர்மெஸ்ஸோ என்ற அனுமதிப் பத்திரம் இல்லை. வக்கீலுக்கு அவனைப் பிடித்துப்போனால் வேலைக்கு எடுத்துக் கையெழுத்து வைப்பார், வதிவிட அனுமதி கிடைத்துவிடும். அதற்காகத்தான் ஏர்னஸ்ற் அவனையும் வேட்டைக்கு இழுத்துப்போனார்.

"துவக்கைக் கண்டாலே எனக்குச் சத்தி வருது மாமா."

"ஒருநாள்தானே. பல்லைக் கடிச்சுக்கொண்டு வா."

மடோனியே மலையில் வக்கீலும் கூட்டாளிகளும் மேற்சரிவால் ஏறினார்கள். ஏர்னஸ்றிடம் ஒரு பழைய துவக்கைக் கொடுத்து, மருமகனோடு கீழ்ச்சரிவால் போகச் சொன்னார்கள். அவரிடம் லைசென்ஸ் கிடையாது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஏர்னஸ்ற் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகவே போகவேண்டும். சுள்ளியை மிதிக்கக்கூடாது. மானின் தலை குனிந்திருக்கும்போது மட்டும் நகரவேண்டும். கிரிசாந் பின்னால் வந்தான். குளிரில் அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டன. இரவல் சப்பாத்து பெரிது. ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக் என்றது.

"அங்கை சண்டைக்கும் இதைத்தான் பழக்கினவங்கள்," என்றான் ஒருமுறை. வெறுப்போடு.

மூன்று மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கியது. முப்பதடிக்கு அப்பால் மரங்கள் மறைந்தன.

கொஞ்ச நேரத்தில் சப்பாத்துச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஆள் பின்னால் வருவது தெரிந்தது. பழகிவிட்டான் என்று ஏர்னஸ்றுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"குளிருதோ?" திரும்பாமலே கேட்டார்.

"இல்லை."

பற்களும் அடிக்கவில்லை. ஏர்னஸ்ற் அதை யோசிக்கவில்லை.

"அந்தா, மாமா..."

ஒரு பாறையடியில் ஏதோ மண்ணிறமாகக் குந்தியிருந்தது. அசையவில்லை.

"சுடுங்கோ."

"பொறு. கொம்பு தெரியேல்லை."

"சுடுங்கோ, மாமா."

இப்போது குரல் காதுக்குள் கேட்டது. அவ்வளவு கிட்ட... ஆனால் மூச்சுப் படவில்லை.

விரல் அழுத்தியது.

"ஐயோ... அம்மா..."

அலறல் முன்னாலிருந்து வந்தது. பாறையடியிலிருந்து.

கிரிசாந்தின் குரல்.

ஏர்னஸ்ற் திரும்பினார்.

பின்னால் யாருமில்லை.

ஈரச் சேற்றில் ஒரேயொரு சோடி காலடி. அவருடையது.

வெடிச்சத்தம் கேட்டு இறங்கி வந்த வக்கீல் துவக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, "யாரோ களவாய்ச் சுட்டது என்று சொல்லு, என் பேர் வந்தால் உன்னை இந்த நாட்டில் இருக்கவிடமாட்டேன்," என்றார். ஏர்னஸ்ற் அப்படியே சொன்னார். அடுத்த கிழமை வேலை போனது. கையெழுத்தும் போனது. மாக்கிரட் தொலைபேசியில், "உன்னை நம்பித்தானே அனுப்பினன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தம்பியோடு அவள் கதைக்கவேயில்லை.

கிரிசாந் உயிர் தப்பினான். இடது கை மேலே எழும்பாது. மாமா கட்டிலருகே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மாசி மாதம் அவன் வடக்கே போவதற்குப் புறப்பட்டான். வழியனுப்ப ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு ஏர்னஸ்ற் ஒருவர்தான் போனார். ரயில் வாசலில் நின்று அவன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"ஏன் மாமா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ எனக்குப் பின்னாலை நிக்கிறாய் எண்டுதான்... நீதானே சுடச் சொன்னனீ."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. நான் உங்கடை முதுகைப் பாத்துக்கொண்டுதான் நடந்தன். நீங்கள் பாறையடியிலை நிண்டு என்னைக் கூப்பிட்டியள். 'இதிலை குந்து, அசையாதை, நான் வாறன்' எண்டியள். குந்தினன்."

அந்தப் பாறைக்குக் கிட்டவே ஏர்னஸ்ற் போகவில்லை.

"அது நானில்லையடா."

"உங்கடை முகம் எனக்குத் தெரியாதோ?" ரயில் அசையத் தொடங்கியது. கிரிசாந் கதவை இழுத்தான். "என்ரை கன்னத்தைத் தடவிப்போட்டுத்தானே போனனீங்கள்."