பலவேசத்தின் அலுமினிய மூக்கு

பலவேசத்துக்கு மூக்கு இருந்தது, வேலைதான் செய்யவில்லை. எங்கள் பட்டறையில் பதினோரு வருடம் குரோமிக் ஆசிட் தொட்டியருகே நின்ற மனிதர். மூக்குக்குள் புண், ஓயாத எரிச்சல், வாசனை அறவே போய்விட்டது. வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது "இன்னைக்கு என்ன, ரசமா?" என்று கேட்பார். அவர் மனைவி அய்யம்மாள் கரண்டியை ஓங்குவாள். அந்தப் பட்டறையில் கரண்டு பார்த்தவன் நான். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பட்டறை நாரணாபுரம் சாலையில் இருந்தது. அச்சு மெஷின்களுக்கான அலுமினிய உருளைகளை ஆசிட்டில் முக்கிக் கரண்டு விடுவோம். மேலே கெட்டியாக ஒரு தோல் வளரும். பிறகு உருளை தேயாது, அரிக்காது. இதற்கு அனோடைசிங் என்று பெயர். உருளைக்குத் தோல் வளர வளர பலவேசத்துக்கு மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது.

2007இல் முதலாளி ஞானசுந்தரி குரோமிக்குக்குப் பதிலாக டார்டாரிக் ஆசிட் வரவழைத்தார். புளியில் இருக்கிற அதே புளிப்புதான், கூடவே கொஞ்சம் சல்பூரிக். கையுறை அப்போதும் வேண்டும், ஆனால் குரோமிக்கின் அந்தப் பாழாய்ப்போன ஆவி கிடையாது.

"முத உருளை பதினஞ்சு நாள் உப்புத் தண்ணியில கெடக்கட்டும். ஒரு புள்ளி பூத்தாலும் பழைய தொட்டிதான். ஆர்டர் குடுத்தவுகளுக்கு நான்ல பதில் சொல்லணும்?" என்றார்.

பலவேசம் இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். கண் தேறினால் கண் வடிவத்தில் அடித்த தகடு, கண்மலர், செலுத்துவார்கள். இவர் வாசனை திரும்பினால் மூக்கு செலுத்துவதாக நேர்ந்தார். மீந்த அலுமினியத் தகட்டில் அவரே அடித்தெடுத்த மூக்கு, அவருடையதைவிட எடுப்பாக இருந்தது. அதையும் உருளையோடு சேர்த்து ஆசிட்டில் முக்கினார். பிறகு உப்புத் தண்ணீர் வாளியிலும் போட்டார்.

"இதை எதுக்குண்ணே ஊறப் போடுறீக?" என்றேன்.

"ஏலே, அரிச்சுப்போற மூக்கையா ஆத்தாளுக்குக் குடுக்க?"

பதினாறாம் நாள் உருளையை எடுத்தோம். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக அரித்துப் பூத்திருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். ஞானசுந்தரி பெருமூச்சு விட்டுவிட்டுப் பழைய தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார்.

பலவேசம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அம்மா, ஆசிட்டு மேல தப்பில்ல. தப்பு எம்மேலதான்" என்றார்.

"என்ன செஞ்சீக?"

"முத உருளையாச்சேன்னு கழுவுனதும் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்புட்டேன். தொடச்சிட்டுத்தான் முக்குனேன்."

கழுவிய அலுமினியத்தில் விரல் படக்கூடாது. பட்ட இடத்தில் தோல் ஒழுங்காக வளராது. இதை எங்களுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவரே இந்த மகராசன்தான்!

"பழைய தொட்டிக்குப் போக மனசில்லாம இப்படிச் சொல்றீகளா?"

"மூக்கைப் பாருங்கம்மா. அதுக்குப் பொட்டு வைக்கல. கோயில்லதான வைக்கணும்?"

வாளியின் அடியில் துழாவி நான்தான் எடுத்தேன். ஞானசுந்தரி லென்ஸை வைத்து மூக்கின் ஓட்டை வரைக்கும் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. முதலில் சிரித்தவர் அவர்தான்.

"இன்னொரு உருளை போடுங்க. பொட்டு வைக்கணும்னா தொட்டிக்கு வைங்க, கும்புட வேண்டாம்னு சொல்லல" என்றார்.

அந்த உருளை தேறியது. குரோமிக் தொட்டி பட்டறையை விட்டுப் போனது. பலவேசத்தின் புண் ஆறியது, வாசனை மட்டும் வரவில்லை. வராமலே போகலாம் என்றார் டாக்டர். நேர்ந்த மூக்கு ஏழு மாதம் சுவரில் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்து ஒருவரும் கேலி பேசவில்லை, நான் உட்பட.

ஒரு நாள் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் கவளத்தை எடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பலவேசம் முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, திங்காத. உன் சாம்பாரு ஊசிப்போச்சுலே."

முகர்ந்து பார்த்தேன், ஊசித்தான் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டப் போனவனை அவர் விடவில்லை. சட்டியை வாங்கி, கண்ணை மூடி, இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு ஆணியிலிருந்து மூக்கை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் லீவு கேட்கப் போனார்.