இரண்டு அழுத்து

அந்த வயரை மாட்டியது என் கைதான். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் பொங்குகிறது. கடையை நடத்தியவர்கள் மேல் அதைவிட.

தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறை என்னுடையது. வாக்கி டாக்கிகளுக்குச் சார்ஜ் போட்டு, காலையில் மாடிக்கு ஒன்றாகக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய பொறுப்பு. சார்ஜரைப் பிடுங்கினேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மாம்பலம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

அந்த வாக்கியில் பேசாமலே நடக்கிற ஒரு பேச்சு இருந்தது. மேனேஜர் லிஃப்டில் ஏறினால், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தன் வாக்கிப் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார். எல்லா மாடியிலும் 'டக், டக்' என்று கேட்கும். துணிக்கட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்துவிடுவார்கள். கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருந்தது. குடோனில், ஒன்றின்மேல் ஒன்றாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். தொழிலாளர் துறை அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றால் மட்டும் கடைக்குள் இறங்கும்.

மூன்றாம் மாடி சுடிதார் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். தென்காசிப் பக்கத்துக்காரி. சாயங்காலம் பார்த்தால் கால் வீங்கி, செருப்பு வார் சதையில் புதைந்திருக்கும். "அண்ணே, அந்த ரெண்டு சத்தம் மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ ஊருக்குப் போயிருப்பேன்" என்பாள்.

சின்ன முதலாளிக்குப் பெருங்குடி ஆபீஸில் இருந்தபடியே கடையோடு பேச ஆசை வந்தது. என் மேஜையில் இருந்த ஒரு வாக்கியை வயர் போட்டுப் பழைய கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். பிரவுசரில் ஒரு பக்கத்தை மூடாமல் திறந்தே வைத்திருக்க வேண்டும். அவர் அங்கே லேப்டாப்பில் பேசினால் ஐந்து மாடியிலும் கேட்கும். இங்கே யார் பேசினாலும் அவருக்குக் கேட்கும், அவர் திரையில் கடைப் பெயர் பச்சையாக மின்னும். அவர் போனில் சொல்லச் சொல்ல நானே மாட்டினேன். "சூப்பர்ணா, இன்ஜினியர் தோத்தான்!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளிலிருந்து அவர் குரல் விடாமல் கொட்டியது. "எல்லாரும் எனர்ஜியா நில்லுங்க! ஆஃபர் சொல்லுங்க!" அவருடைய சுழல் நாற்காலி கிரீச்சிடுவதுகூடச் சேர்ந்து கேட்டது. நிற்கச் சொல்கிறவன் நாற்காலி!

"இன்னா நைனா, ரேடியோவுக்குள்ள மாமியாரைக் குடி வெச்சுகினு கீற?" என்றார் வாட்ச்மேன்.

ஒரு வாரம் கழித்து சின்ன முதலாளியிடமிருந்து எனக்குப் போன். "அண்ணா, பேஜ்ல நம்ம கடை பேரு அடிக்கடி பச்சையா மின்னுது. டக் டக்னு ரெண்டு சத்தம். யாரும் பேசல. ஏன்?"

"பேட்டரி வீக்கா இருக்கும் சார்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்தார். அந்த இடைவெளி எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார், வாட்ச்மேன் கை தெரியாம பட்டிருக்கும். மேனேஜர் லிஃப்ட்ல ஏறும்போதுதான் சார் வருது. பொண்ணுங்க பாவம் சார், ரொம்ப நேரம்லாம் உக்காரறதில்ல…" கேட்காததையெல்லாம் நானே கொட்டினேன்.

அன்றே வாட்ச்மேனிடமிருந்து வாக்கியைப் பிடுங்கினார்கள். மேனேஜர் சத்தமில்லாமல் படியேற ஆரம்பித்தார். "ஊர்ல கீற ரேடியோவுக்கெல்லாம் சுவிட்ச் பார்க்கிற. உன் வாய்க்கு ஒண்ணு கெடையாதா?" என்றார் வாட்ச்மேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மூன்றாம் நாள் குடோனிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து என் அறையில் போட்டேன். வாக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மூணாவது மாடி வாக்கில பேட்டரி இறங்குது. சுடிதார் செக்‌ஷன்ல இருந்து கொடுத்தனுப்புங்க."

அந்தப் பெண்ணே வாக்கியோடு லிஃப்டில் இறங்கி வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம்ணே ஆகும்?"

"பத்து நிமிஷம் ஆகும்மா. மெதுவாத்தான் மாத்துவேன்."

ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் பேட்டரி இறங்கியது. ஒருத்திக்குத்தான் முடிந்தது. மற்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். குடோனில் மீதி ஸ்டூல்களும் உறை பிரியாமல் அப்படியேதான் இருந்தன.

ஒரு மத்தியானம் அவள் ஸ்டூலில் இருக்கும்போதே சின்ன முதலாளி குரல் வந்தது, எல்லா மாடிக்கும் கேட்கும்படி. "அண்ணா, தேர்ட் ஃப்ளோருக்கு மட்டும் ஏன் இத்தனை பேட்டரி?"

"பழைய பேட்டரி சார்."

அவர் பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, சார்ஜரில் எரிந்த சிவப்பு விளக்குகளை எண்ணினேன். ஐந்து மாடியும் என் வாயையே கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. இந்தப் பக்கம் அவள் எழுந்திருக்கப் போனாள். உட்காரும்மா என்று கையைக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை.