ஏழாவது தொகுப்பின் நாற்பத்து நான்கு நிமிடங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த பருவத்தில், அக்காளை மணந்துகொள்ளப் போகிறவராக அவர் முதன்முதலில் வீட்டுக்கு வந்தார். நனைந்த குடையை எங்கே சாத்துவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றவரின் கண், சுவரில் ஒட்டியிருந்த படத்தின் மேல் விழுந்தது. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் நெட்டையான ராக் பாடகன். ஒட்டியவள் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

"இந்த நெட்டையன் ரெண்டாவது ஆல்பத்தோட சரி. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் சக்கை," என்றார் வந்தவர்.

"மூணாவதைக் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதாலதாம்மா சொல்றேன்."

பெரியவர்கள் தேதி குறித்து முடிக்கும்வரை இவர்கள் இருவரும் மூன்றாவது தொகுப்பை விட்டு இறங்கவில்லை. "கல்யாணம் எனக்கா, உனக்காடி?" என்று சமையலறையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்.

அத்தான் தகட்டு வேலைக்காரர். பெரிய கட்டடங்களின் கூரைக்கடியில் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் சதுரக் குழாய்களைச் செய்யும் பட்டறையில் வேலை. தகட்டை வெட்டி, விளிம்பை மடித்து, சுத்தியால் அடித்து இணைப்பார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அடிக்கும் இடத்தில் பேசிப் பழகியவர் ஆதலால், வீட்டில் உப்பு கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பட்டறையில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்றே பெயர். ஒரு மடிப்பு நூலளவு பிசகினாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பார். பாட்டு விஷயத்திலும் அந்தப் பிடிவாதம் குறையவில்லை. சொன்னதை மறுபடி பிரித்துப் பார்ப்பதுதான் நடக்கவில்லை.

நெட்டையன் மொத்தம் பதினொரு தொகுப்புகள் வெளியிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தானும் மைத்துனியும் அவற்றை வரிசைப்படுத்த உட்காருவார்கள். நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே எல்லைத் தகராறு நடக்கும். ஒன்பதாவது மட்டம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஏழாவதுக்கு வந்தவுடன் வீடு இரண்டுபடும்.

வாத்தியக் குழுவினர் அனைவரும் பிரிந்துபோன பிறகு, பியானோவும் கித்தாரும் சீழ்க்கையுமாக நெட்டையன் தனியே செய்தது ஏழாவது. அது வெளிவந்த எண்பத்தொன்பதில்தான் அவள் தந்தை இறந்தார். வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காத அந்த மாதங்களில் அவளுக்குத் துணையாக இருந்தது அது ஒன்றே. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்திலேயே அவளுக்கு ஓர் ஆள்தான் இருந்தார். அவரோ, "மாடு மலை ஏறுற மாதிரி இருக்கு. சளி பிடிச்சவன் மாதிரி பாடுறான். கடைசிப் பாட்டை முடிக்கக்கூடத் தெரியல அவனுக்கு," என்பார்.

"இன்னொரு தடவை முழுசா கேளுங்க அத்தான். நாற்பத்து நாலு நிமிஷம்தான்."

"அதைப் போட்டா நான் வெளிய போயிடுவேன்."

சொன்னபடியே போய்விடுவார். அவள் உறையைப் பிரிப்பதற்குள் செருப்பை மாட்டியிருப்பார். அவர் தன்னோடு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவள் அவரிடம் வேறெதையும் வேண்டியதில்லை. அது ஒன்றுதான் முப்பது ஆண்டுகளாக நடக்கவில்லை.

இதற்கிடையில் அவளுக்கு மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கும் வேலை கிடைத்திருந்தது. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு தகடு அடிக்கும்படி அவரிடம் எத்தனையோ முறை சொன்னாள், தலையாட்டுவார், அவ்வளவுதான். அவருடைய அறுபத்தொரு வயதில், தொலைபேசியில் யார் பேசுகிறார்கள் என்று புரியாமல் இரண்டு முறை சண்டை வந்த பிறகு, அக்காள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒலி புகாத சிறிய அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஆரம்பிச்சிட்டியா?"

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு அத்தான்."

தாளில் வலது காதுக்கான சிவப்பு வட்டங்களும் இடது காதுக்கான நீலப் பெருக்கற்குறிகளும் பாதிவரை சமமாக நடந்து, பிறகு படிக்கட்டில் உருண்டவைபோல் கீழே இறங்கின. தாழ்ந்த ஒலிகள் மிஞ்சியிருந்தன. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போய்விட்டன. ஏழாவது தொகுப்பில் எவையெல்லாம் அவருக்கு இனிக் கேட்கமாட்டா என்று அவளால் பாட்டுப் பாட்டாகச் சொல்ல முடிந்தது. இருப்பதும் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவதன் குறுந்தகட்டோடு அவள் போய் நின்றாள்.

"காதுதானே போச்சு, புத்தி போகலையே. அது குப்பை," என்றார் அத்தான்.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"நீ குடுத்த கேசட்டை வெச்சுத்தான்!"

"அது திருகாணி டப்பாவுல கிடக்குடி," என்று அக்காள் தேடி எடுத்து வந்தாள். தங்கையே அந்தக் காலத்தில் பதிவுசெய்து கொடுத்த ஒலிநாடா. தன்னிடம் அசல் இருந்ததால் அதை அவள் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. இப்போது போட்டாள்.

முதல் வரியிலேயே வேகம் குறைந்திருந்தது தெரிந்தது. பியானோ சேற்றில் நடந்தது. நெட்டையனின் குரல் கனத்து, மூக்கடைத்து வந்தது. அசலை ஓடவிடப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கியதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கைக்குழந்தை தூங்குகிறது என்று ஒலியை அடைத்துவிட்டு, கேட்டுப் பார்க்காமலேயே தன்னுடைய கருவியில் பதிவுசெய்ததும் நினைவுக்கு வந்தன. அந்தப் பழைய கருவியின் ரப்பர் வார் தளர்ந்திருக்க வேண்டும். மெதுவாக ஓடியதால் நாடா போதாமல், கடைசிப் பாட்டு பாதியிலேயே அறுந்தது.

அவள் அவர் காதருகே குனிந்து, நடந்ததை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். 

"அப்போ நான் சொன்னது சரிதானே? நான் கேட்டது குப்பைதான்."

"ஆமா அத்தான்," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க கேட்டது குப்பைதான்."

"முப்பது வருஷமா இதுக்கா அடிச்சிக்கிட்டீங்க? நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்காள்.

"சரி, நல்லதைப் போடு. கேப்போம்."

அவர் நாற்காலியை ஒலிப்பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைத் தொடைமேல் வைத்து, பரிசோதனை அறையில் உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்தார். செருப்பின் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது பாட்டு வந்தது. அதில் வாத்தியமெல்லாம் ஒதுங்க, நெட்டையன் மூன்று நிமிடம் சீழ்க்கை மட்டும் அடிப்பான்.

"நின்னுபோச்சா?" என்றார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் எழுந்து ஒலிப்பெட்டியின் துணிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சிறிது நேரம் அப்படியே நின்றார். பிறகு பியானோவின் தாழ்ந்த கட்டைகள் ஒலித்தபோது, கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாற்பத்து நான்கு நிமிடமும் முடிந்தது.

"எப்படி அத்தான்?"

"தெரியலம்மா."

இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. குப்பை என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்கு மறுமொழி அவளிடம் தயாராக இருந்தது.  தன்மேல் வந்த எரிச்சலை என்ன செய்வதென்று தெரியாமல், குறுந்தகட்டைத் தப்பான உறையில் திணித்து, மறுபடி உருவி, சரியான உறையில் போட்டாள்.

அன்றைக்குப் பிறகு அவர்கள் அந்தப் பதினொன்றையும் வரிசைப்படுத்த உட்காரவே இல்லை. அன்று அவள் கிளம்பும்போது அத்தான் வாசல்வரை வந்தார். நெட்டையனைக் குறித்து அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அந்த அஞ்சாவது பாட்டுல, எனக்கு ஒண்ணும் கேக்காத எடத்துல, என்ன நடக்குதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. எங்க ஏறுது, எங்க இறங்குது, எவ்வளவு நேரம், அவ்வளவுதான். பிரமாதம் கிரமாதம்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. அதை நான்தான் சொல்லணும்."