செவலைக்குப் போடாத ஊசி

சேவூர்ப் பக்கம் சாமியாத்தாளின் ரோஷத்தை அறியாதவர்கள் குறைவு. ஒருமுறை பால் சொசைட்டியில் புதிதாக வந்த ஆள், பால் கொஞ்சம் நீர்த்திருக்கிறதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். கேனை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, வெறும் கேனோடு வீடு திரும்பியவள் அவள். பிறகு அவனே தோட்டத்துக்கு வந்து சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

தொண்ணூற்று மூன்றில் அந்தத் தோட்டத்துக்கு அப்துல் வஹீது வந்தார். கோயம்புத்தூர் உக்கடத்தில் பாலும் பால்கோவாவும் விற்கும் கடை அவருடையது. உரமும் பூச்சிமருந்தும் படாத தீவனம் தின்ற மாட்டுப் பால் வேண்டும் என்று வாடிக்கைக்காரர்கள் சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அப்படிக் கறந்து கொடுக்கிறவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்.

"யூரியா போட்ட புல்லு வேண்டாமுங்க அம்மணி. பால் எறங்கறதுக்குப் போடற ஊசியும் வேண்டாம். மொத்தப் பாலையும் நானே எடுத்துக்கறேன்" என்றார்.

சாமியாத்தாளின் கணவன் சென்னிமலை தயங்கினான். சாமியாத்தாள் தயங்கவில்லை. "செஞ்சு போடலாமுங்க பாய். மாடு கட்டற எங்க கட்டுத்தரைக்குள்ள ஊசியே வராது" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சொல்வது சுலபமாக இருந்தது. உரம் நிறுத்தியதும் புல் வெளுத்துக் குட்டையாக நின்றது. மூட்டையில் வரும் தீவனத்தை விட்டுவிட்டு, சொந்தக் காட்டுச் சோளத்தட்டும் தட்டைப்பயிரும் கடலைக்கொடியும் போட்டதில் பால் பாதியாகக் குறைந்தது. மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தன. பக்கத்துத் தோட்டத்து அப்புசாமி, "பாயி பேச்சைக் கேட்டு மாட்டைப் பட்டினி போடறீங்களா?" என்று கேட்டார். அவள் சாணத்தையும் கோமியத்தையும் மக்கவைத்துக் காட்டுக்கு அடித்தாள். பருத்திக்கு மருந்தடிக்கும் அப்புசாமியின் வேலியோரம், மருந்து இந்தப் பக்கம் பறந்து வராமலிருக்க அகத்தியை நெருக்கி நட்டாள். இரண்டாம் மழைக்குப் பிறகு மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து கொடுத்தது. புல் தேறியது. வஹீதின் வேன் தினமும் காலையில் வந்து நின்றது.

தோட்டத்து மாடுகளில் செவலை என்கிற சிந்து மாடுதான் அவளுக்கு நெருக்கம். பிறந்தபோதே தாயை இழந்த கன்று. பாட்டிலில் பால் புகட்டி அவள்தான் வளர்த்தாள். வேறு யார் கை வைத்தாலும் உதைக்கும். அவள் தொட்டால் பாலைச் சொரிந்துவிடும்.

மூன்றாவது ஈற்றுக்குப் பிறகு செவலையின் மடியில் ஒரு பக்கம் வீங்கியது. பால் திரிதிரியாக வந்தது. சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினாள். முன்பு வேறு மாடுகளுக்கு அதில் குணமாகியிருக்கிறது. இந்தத் தடவை வீக்கம் வடியவில்லை. மறுநாள் மடி கல்லாக இறுகிக் கொதித்தது. கன்று முட்டினால் செவலை காலை உதறி விலகியது.

சென்னிமலை மொபெட்டை வெளியே எடுத்தான். "டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்."

"வேண்டாமுங்க மாமா. ஊசி போடுவாரு. ஊசி கட்டுத்தரைக்குள்ள வராதுன்னு பாயிகிட்டச் சொல்லியிருக்கறேன். நம்ம பாலுன்னு நம்பி வாங்கறாங்க."

"மாடு துடிக்குது புள்ளே."

"பத்துப் போட்டாச் சரியாயிரும். வண்டியை நிறுத்துங்க."

அவன் அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். வண்டியை மறுபடி சுவரோரம் சாய்த்து வைத்தான்.

அதற்கு அடுத்த நாள் செவலை எழவில்லை. மடி சில்லிட்டு நீலம் பாரித்திருந்தது. அப்போது அவளே, "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். மாட்டு டாக்டர் கிருபாசங்கர் வந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். ஊசி போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "விஷம் உடம்பெல்லாம் ஏறிப்போச்சுங்க. முந்தியே கூப்பிட்டிருக்கலாமுங்களே" என்றார். மத்தியானம் செவலையின் தலை அவள் மடியில் சரிந்தது.

வஹீதுக்குச் செய்தி எட்டி, அவரே வேனில் வந்தார். சாமியாத்தாள் நடந்ததைச் சொன்னாள். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பதுபோல்தான் ஆரம்பித்தாள். அவர் முகம் மாறியது.

"நோவுல கெடக்கற மாட்டுக்கு மருந்து குடுக்க வேண்டாமுன்னா நான் சொன்னேன்?" என்றார் வஹீது. "அந்த மாட்டுப் பாலைத் தனியாப் பீச்சிக் கீழ ஊத்திப்போட்டு, மருந்து வேகம் எறங்கின பொறகு வேன்ல ஏத்தியிருந்தாப் போதுமேங்க. இயற்கையா மாடு வளக்கறவங்க எல்லாரும் அப்படித்தானுங்களே செய்யறாங்க."

"நீங்க அதச் சொல்லலீங்களே பாய்."

"கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே அம்மணி." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "நானும் வெவரமாச் சொல்லாம உட்டுட்டேனுங்க. எம்மேலயும் தப்பு இருக்குது."

சேவூர்க் கடைத்தெருவில் போன் பூத் இருந்தது. தினம் அதைத் தாண்டித்தான் அவள் மளிகைக்குப் போவாள். கேட்டால் விவரம் தெரியாதவள் என்று பாய் நினைத்துவிடுவாரோ என்று அவளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சென்னிமலையிடமும் சொல்லவில்லை.

தோட்டம் நன்றாகவே நடந்தது. தொண்ணூற்றாறில் அன்னூரிலிருந்தும் புளியம்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புசாமிகூட ஒரு துண்டுக் காட்டில் உரத்தை நிறுத்திப் பார்த்தார். வருகிறவர்களுக்கு எரு மக்கும் குழியையும் தீவனப் பயிர்களையும் காட்டுவாள். கிளம்பும்போது, "நோவுன்னா மொதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க. பாலைத் தனியா ஊத்திக்கலாம்" என்பாள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பதுபோல் அவர்கள் தலையாட்டுவார்கள்.

சென்னிமலை அந்த மாட்டைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அன்று வண்டியை எடுத்தேனே, நீதானே நிறுத்தினாய் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தண்ணீர் பாய்ச்ச மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவான். வரப்பில் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே கட்டுத்தரையில் நிற்பாள்.